ஆறு மணி நேரம் காத்திருக்கும் அணுக்கரு

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று நலமடைந்த ஒரு தாய். சில ஆண்டுகள் கழித்து முதுகில் வலி தொடங்குகிறது. களிம்பும் ஒத்தடமும் பயன் தரவில்லை. நோய் எலும்பிற்குப் பரவியுள்ளதா என்பதை அறிய மருத்துவர் ஒரு சோதனையை எழுதித் தருகிறார். பிள்ளைகள் சீட்டை வாங்கிப் பார்க்கிறார்கள். ‘அணு மருத்துவப் பிரிவு’ என்று அதில் எழுதியிருக்கிறது. கதிரியக்கப் பொருளை ஊசி வழியே உடலில் செலுத்திப் படம் எடுப்பார்களாம். வீடு கலங்கிப் போகிறது.

“வேணாம் வாப்பா, இருக்கிற நோவு போதாதா? அணுவை வேற உம்மா உடம்புல ஏத்தணுமா?” என்று மூத்த மகள் கண் கலங்குகிறாள். தந்தையோ விடை அறியாமல் அமர்ந்திருக்கிறார். அந்தத் தாய் மட்டும் அமைதியாக ஒன்றைக் கேட்கிறார்: “அதெல்லாம் கிடக்கட்டும். ஊசி போட்டுக்கிட்டு வந்தா பேரப்புள்ளையத் தூக்கலாமா, கூடாதா? அதைக் கேட்டுச் சொல்லுங்க.”

அன்பிற்குரிய வாசகர்களே! இக்காட்சி நம் இல்லங்களில் எங்கும் நிகழக் கூடியதே. ‘அணு’ என்றதும் ஹிரோஷிமாவும் செர்னோபிலும் நினைவிற்கு வருவது இயல்பு. ஆனால் அந்தத் தாயின் உடலில் செலுத்தப்படுவது எது? அது எங்கிருந்து வந்தது? எத்தனை நேரம் தங்கும்? இவற்றை அறிந்தால் அச்சம் அதற்குரிய அளவோடு நின்றுவிடும். அறியாவிட்டால், செய்து கொள்ள வேண்டிய சோதனையையே தட்டிக் கழிக்கும் நிலை வந்துவிடும். எனவே, அந்தப் பொருளின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து காண்போம்.

அணுக்கருவின் படிக்கட்டு

ஒவ்வோர் அணுவின் நடுவிலும் புரோட்டான்களும் நியூட்ரான்களும் நெருங்கிச் சேர்ந்த அணுக்கரு இருக்கிறது. அதன் இயல்பான நிலையை மாடி வீட்டின் தரைத்தளத்திற்கு ஒப்பிடலாம். மற்றோர் அணுக்கருவோடு மோதும்போதோ, கதிரியக்கத்தால் ஒரு தனிமம் வேறொரு தனிமமாக மாறும்போதோ, அணுக்கரு கூடுதல் ஆற்றலைப் பெற்று மேல்படி ஒன்றில் நிற்க நேரிடும். இதுவே கிளர்வு நிலை எனப்படும். மேலே நிற்கும் அணுக்கரு நெடுநேரம் அங்கே நிற்பதில்லை. படிப்படியாக இறங்கித் தரைத்தளத்தை அடைகிறது. இறங்கும் ஒவ்வொரு படிக்கும் ஈடான ஆற்றலைப் பெரும்பாலும் காமா கதிராக வெளிவிடுகிறது.

இதில் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அணுக்கரு அரைப் படியில் நிற்க இயலாது. படிகளின் உயரம் ஒவ்வொரு வகை அணுக்கருவிற்கும் மாறாமல் வரையறுக்கப்பட்டது. ஆகவே வெளிவரும் காமா கதிரின் ஆற்றலை அளந்தால், அதை அனுப்பியது எந்த அணுக்கரு என்பதையும், அது எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு இறங்கியது என்பதையும் கூறிவிடலாம். மனிதனுக்குக் கைரேகை எப்படியோ, அணுக்கருவிற்குக் காமா கதிர்களின் வரிசை அப்படி. இவ்வாறு கதிர்களை ஆற்றல் வாரியாகப் பிரித்து ஆராயும் கலையே காமா நிறமாலையியல்.

ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். நம் உணவில் உள்ள பொட்டாசியத்தில் மிகச் சிறு பங்கு பொட்டாசியம் 40 என்னும் கதிரியக்க வகை. அதில் பத்தில் ஒரு பங்கிற்குச் சற்று மேல், ஆர்கான் 40 என்னும் அணுக்கருவாகக் கிளர்வு நிலையில் பிறந்து, 1,461 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிரை விட்டு அடங்குகிறது. (அணுக்கரு ஆய்வாளர் ஆற்றலை அளக்கும் அலகு கிலோ எலெக்ட்ரான் வோல்ட்.) வீட்டுச் சுவரிலும், வாழைப்பழத்திலும், இதைப் படிக்கும் உங்கள் உடலிலும் இது இக்கணமும் நிகழ்ந்து கொண்டிருக்கிறது. வளர்ந்த ஒரு மனிதரின் உடலில் ஒவ்வொரு வினாடியும் சுமார் 4,000 பொட்டாசியம் 40 அணுக்கருக்கள் சிதைகின்றன. கதிரியக்கம் நம் உடலுக்கு முற்றிலும் புதிய விருந்தாளி அன்று.

சிறை முகாமில் கிடைத்த கல்வி

காமா கதிரை முதன்முதலில் கண்டவர் பிரான்சு நாட்டின் பால் வில்லார். 1900ஆம் ஆண்டு பாரிசில் ரேடியத்தை ஆராயும்போது, தடித்த பொருள்களையும் ஊடுருவிச் செல்லும் புதுக் கதிர் ஒன்றை அவர் கண்டார். அதற்குக் காமா எனப் பெயரிட்டவர் ரூதர்போர்டு. அக்கதிர் அணுக்கருவின் படிகளிலிருந்து வருகிறது என்ற உண்மை விளங்க மேலும் இருபது ஆண்டுகள் ஆயின.

அதை விளக்கியவர்களுள் முன்னணியில் நின்ற சார்லஸ் எல்லிஸின் கதை சுவையானது. 1914ஆம் ஆண்டு அவர் ஆங்கிலேய இராணுவக் கல்லூரியின் இளம் மாணவர். விடுமுறைக்கு ஜெர்மனி சென்றிருந்தபோது முதல் உலகப் போர் மூண்டது. பெர்லின் நகரத்துக் குதிரைப் பந்தயத் திடல் ஒன்றைச் சிறை முகாமாக மாற்றி, அங்கே அகப்பட்ட ஆங்கிலேயர்களை ஜெர்மானியர் அடைத்து வைத்தனர். குதிரை லாயமே அவர்களுக்கு இல்லம். அங்கே அவரைப் போலவே சிறைப்பட்டிருந்தவர் ஜேம்ஸ் சாட்விக். பிற்காலத்தில் நியூட்ரானைக் கண்டுபிடித்த அறிஞர். கிடைத்த பொருள்களைக் கொண்டு சாட்விக் முகாமிலேயே சிறு ஆய்வுக்கூடம் அமைக்க, எல்லிஸ் அவரிடம் இயற்பியல் கற்றார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் விடுதலை பெற்ற எல்லிஸ் இராணுவத்திற்குத் திரும்பவில்லை. கேம்பிரிட்ஜ் சென்று காமா கதிர்களை ஆராய்ந்து, அணுக்கருவிற்குள் வரையறுத்த ஆற்றல் படிகள் உள்ளன என்பதை 1920களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். காலம் வீணாகிறதே என்று புலம்ப வேண்டிய இடத்தில் ஒருவர் கல்வியைத் தேடிக் கொண்டதன் பயன் அது.

பெயரில்லாத தனிமம்

மேல்படியில் நிற்கும் அணுக்கரு நெடுநேரம் நிற்காது என்றோம். பெரும்பாலும் அது ஒரு வினாடியின் கோடியில் ஒரு பங்கிற்கும் குறைந்த நேரத்தில் இறங்கிவிடும். ஆனால் சில அணுக்கருக்கள் ஒரு படியில் தயங்கி நின்றுவிடுகின்றன. நிமிடக்கணக்கில், மணிக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன. இத்தகைய தயக்க நிலைக்கு ஐசோமர் என்று பெயர். இதன் முதல் சான்றை 1921இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ ஹான் கண்டார்.

இனி நம் கதையின் நாயகனுக்கு வருவோம். தனிமங்களின் அட்டவணையில் 43ஆம் இடம் நெடுங்காலம் வெற்றிடமாகவே இருந்தது. 1937ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெர்க்லியில் இருந்த எர்னெஸ்ட் லாரன்ஸ், தம் சைக்ளோட்ரான் இயந்திரத்தில் பயன்பட்டு ஓய்ந்த மாலிப்டினம் தகடு ஒன்றை, இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகருக்குத் தபாலில் அனுப்பினார். அதைப் பெற்றவர் எமிலியோ செக்ரே. அவரும் கார்லோ பெரியரும் அத்தகட்டை ஆராய்ந்து, 43ஆம் தனிமம் அதில் உண்டாகியிருப்பதைக் கண்டனர். செயற்கையாக உருவாக்கப்பட்ட முதல் தனிமம் அது. ‘செயற்கையானது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பின்னர் அதற்கு டெக்னீஷியம் என்று பெயர் சூட்டினர்.

மறு ஆண்டு, 1938இல், செக்ரே கோடைக்கால ஆய்வுக்காகப் பெர்க்லி சென்றார். அப்போது முசோலினியின் அரசு யூதர்களைப் பதவிகளிலிருந்து நீக்கும் இனவெறிச் சட்டங்களை இயற்றியது. செக்ரே யூதர். பலெர்மோவில் அவருடைய பேராசிரியர் பதவி பறிபோயிற்று. நாடு திரும்ப வழியின்றி அங்கேயே தங்கிவிட்ட அவர், கிளென் சீபோர்க் என்னும் இளம் வேதியியலாளருடன் சேர்ந்து ஆய்வைத் தொடர்ந்தார். மாலிப்டினத்திலிருந்து பிறக்கும் 43ஆம் தனிமத்தின் ஒரு வகை, கிளர்வு நிலையில் நின்று, 6 மணி நேர அரை ஆயுளுடன் மெல்ல இறங்குவதை இருவரும் கண்டனர். அதுவே டெக்னீஷியம் 99 எம். ‘எம்’ என்ற எழுத்து, நிலைத்தது போல் தோன்றித் தயங்கி நிற்கும் நிலையைக் குறிக்கும் அடையாளம். நாம் தொடக்கத்தில் கண்ட தாய்க்குச் செலுத்தப்படுவது இந்தப் பொருளே.

சீபோர்க்கைப் பற்றி இன்னொன்றும் கூற வேண்டும். அதே 1938ஆம் ஆண்டில் ஜோசப் ஹாமில்டன் என்ற மருத்துவர் அவரிடம், தைராய்டு ஆய்விற்கான கதிரியக்க அயோடின் அரை மணி நேரத்திற்குள் பாதியாகிவிடுவதாகவும், ஒரு வாரம் நிற்கும் வகை கிடைத்தால் நலம் என்றும் கூறினார். சீபோர்க்கும் ஜான் லிவிங்குட்டும் 8 நாள் அரை ஆயுளுள்ள அயோடின் 131ஐ உருவாக்கித் தந்தனர். பல ஆண்டுகளுக்குப் பின் சீபோர்க்கின் சொந்தத் தாயாருக்கே தைராய்டு நோய் வந்தபோது, மகன் கண்ட அந்த அயோடினே மருந்தாகி அவருடைய ஆயுளை நீட்டித்தது.

தயக்கத்தின் காரணம் கண்ட தாய்

டெக்னீஷியம் ஏன் தயங்குகிறது? படிக்கட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தரைத்தளத்திற்கு மேலே 140.5 என்னும் உயரத்தில் ஒரு படி. அதற்கும் மேலே, வெறும் 2 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் இடைவெளியில், 142.7 என்னும் உயரத்தில் இன்னொரு படி. நம் அணுக்கரு நிற்பது இம்மேல்படியில்.

படியிறங்கும்போது அணுக்கரு ஆற்றலை மட்டுமன்றித் தன் சுழற்சியையும் மாற்றிக் கொள்ள வேண்டும். தரைத்தளத்தின் சுழற்சி அளவு நான்கரை, அதாவது 9/2. நடுப்படியில் 7/2. மேல்படியிலோ 1/2 மட்டுமே. ஒரு கதிர் எளிதில் சுமந்து செல்லக் கூடிய சுழற்சி மாற்றம் ஓர் அலகோ இரண்டோதான். மேல்படியிலிருந்து நடுப்படிக்கு வர மூன்று அலகு மாற வேண்டும். கையில் உள்ள ஆற்றலோ மிகச் சிறிது. எனவே இறக்கம் அரிதாகவே நிகழ்கிறது. பாதி அணுக்கருக்கள் இறங்க 6 மணி நேரம் ஆகிறது. நடுப்படியை அடைந்துவிட்டால் தயக்கமே இல்லை. ஒரு வினாடியின் 500 கோடியில் ஒரு பங்கு நேரத்தில் தரைத்தளத்தை அடைகிறது. அந்த இறுதி இறக்கத்தில் வெளிப்படும் 140.5 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் காமா கதிரே மருத்துவரின் கருவியில் படமாக விழுகிறது.

இத்தயக்க நிலைகள் குறிப்பிட்ட சில அணுக்கருக்களிடம் மட்டும் கூட்டமாகக் காணப்படுவது ஏன் என்ற புதிருக்கு 1949இல் விடை தந்தவர் மரியா கோப்பர்ட் மேயர் என்னும் பெண்மணி. புரோட்டான்களும் நியூட்ரான்களும் அணுக்கருவிற்குள் அடுக்கடுக்கான கூடுகளில் அமர்கின்றன என்றும், 50 போன்ற சில எண்ணிக்கைகளில் ஓர் அடுக்கு நிறைகிறது என்றும் அவர் காட்டினார். அடுக்கு நிறையும் தறுவாயில், பெரிதும் மாறுபட்ட சுழற்சியுள்ள இரண்டு இருக்கைகள் அருகருகே அமைந்துவிடுகின்றன. 43 புரோட்டான்களையுடைய டெக்னீஷியம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதே விளக்கத்தை ஜெர்மனியில் ஹான்ஸ் யென்சனும் அவருடன் இருந்தவர்களும் தனியே கண்டடைந்தனர்.

மேயர் அம்மையார் இரண்டு குழந்தைகளின் தாய். கணவர் பேராசிரியராக இருந்த பல்கலைக்கழகங்களில் மனைவிக்கும் பதவி தர விதிகள் இடம் தரவில்லை என்று கூறி, பல ஆண்டுகள் அவரை ஊதியமின்றியே பணியாற்ற வைத்தனர். அவர் மனம் தளரவில்லை. 1963ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, அவர் வாழ்ந்த சான்டியாகோ நகரச் செய்தித்தாள் தந்த தலைப்பில் அவருடைய பெயரில்லை. அந்நகரத்துத் தாய் ஒருவர் நோபல் பரிசு வென்றார் என்பதே செய்தி. தம் பெண்மக்களுக்கு விஞ்ஞானம் எதற்கு என வினவுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தினமும் கறக்கும் பசு

ஆறு மணி நேரத்தில் பாதியாகும் பொருளைத் தொலைதூர மருத்துவமனைக்கு எப்படிக் கொண்டு செல்வது? காலை 6 மணிக்கு இருந்தது நண்பகலில் பாதி, மாலையில் கால், நள்ளிரவில் அரைக்கால், மறுநாள் காலையில் பதினாறில் ஒரு பங்கு. ஊர் சேர்வதற்குள் தீர்ந்துவிடும்.

வழி கிடைத்தது தற்செயலாக. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் 1950களின் இறுதியில் வால்டர் டக்கரும் மார்கரெட் கிரீன் அம்மையாரும் வேறொரு பொருளைத் தூய்மைப்படுத்திக் கொண்டிருந்தனர். அதில் கலந்து வந்த மாசு டெக்னீஷியம் என்றும், அது மாலிப்டினம் 99 என்னும் தாய்ப்பொருளிலிருந்து ஊறுகிறது என்றும் கண்டனர். மாலிப்டினத்தின் அரை ஆயுள் 66 மணி நேரம். ஆகவே மகளை அனுப்ப வேண்டியதில்லை. தாயை அனுப்பினால் போதும்! அலுமினா தூள் நிரப்பிய சிறு குழாயில் மாலிப்டினத்தைப் பிடித்து வைக்கிறார்கள். அதிலிருந்து டெக்னீஷியம் ஓயாமல் பிறக்கிறது. உப்புநீரை ஊற்றினால் மாலிப்டினம் தூளிலேயே ஒட்டிக் கொள்ள, டெக்னீஷியம் மட்டும் நீரோடு கரைந்து வருகிறது. மறுநாள் மீண்டும் ஊறியிருக்கும். இதைப் ‘பால் கறத்தல்’ என்றும், அந்தக் கருவியைப் ‘பசு’ என்றும் உலகெங்கும் மருத்துவமனைப் பணியாளர்கள் அழைப்பது எத்துணைப் பொருத்தம்!

இதற்குக் காப்புரிமை பெற ஆய்வுக்கூடத்தினர் முயன்றபோது, இப்பொருளுக்குச் சந்தை இருப்பதாகத் தெரியவில்லை என்று அதிகாரிகள் மறுத்துவிட்டனர். பவல் ரிச்சர்ட்ஸ் என்னும் அறிஞர் மட்டும் இது மருத்துவத்திற்கு உகந்தது என்று விடாது கூறி வந்தார். 1960களில் சிகாகோவில் பால் ஹார்ப்பரும் கேத்தரின் லேத்ரப் அம்மையாரும் அதை நோயாளிகளுக்குப் பயன்படும் நிலைக்குக் கொணர்ந்தனர். சந்தையில்லை எனப்பட்ட அப்பொருளைக் கொண்டு இன்று உலகில் ஆண்டுக்கு மூன்று கோடி அளவிலான சோதனைகள் நடைபெறுகின்றன. பாஸ்பேட் வகைச் சேர்மத்தோடு இணைத்தால் எலும்பிற்குச் செல்கிறது. வேறு சேர்மங்களோடு இணைத்தால் இதயத் தசைக்கும் சிறுநீரகத்திற்கும் செல்கிறது. தனியே செலுத்தினால் தைராய்டு சுரப்பி அதை ஈர்த்துக் கொள்கிறது.

குரலைப் பிரித்தறியும் செவி

கதிர் வந்தால் மட்டும் போதாது. அதைக் கேட்கும் செவி வேண்டும். 1948இல் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர், சிறிது தாலியம் கலந்த சோடியம் அயோடைடு படிகத்தில் காமா கதிர் பட்டால் ஒளி மின்னுவதையும், அம்மின்னலின் அளவு கதிரின் ஆற்றலுக்கேற்ப அமைவதையும் பயன்படுத்திக் கருவி செய்தார். அத்தகைய அகன்ற படிகத்தின் பின்னால் ஒளியுணர் குழாய்களை வரிசையாகப் பொருத்தி, 1950களின் இறுதியில் ஹால் ஆங்கர் என்பவர் காமா காமிராவை உருவாக்கினார். இக்காமிரா கதிரை வீசுவதில்லை. நோயாளியின் உடலிலிருந்து வருவதை வாங்கிக் கொள்வதே அதன் வேலை.

இங்கேதான் நிறமாலையியல் மருத்துவமனையின் காவலாளியாகிறது. உடலுக்குள் எங்கோ மோதித் திசை மாறி வரும் கதிரும் காமிராவை அடையும். அதை ஏற்றால் படம் மங்கி, இல்லாத இடத்தில் நோய் இருப்பதாகத் தோன்றக் கூடும். ஆனால் மோதிய கதிர் தன் ஆற்றலில் ஒரு பகுதியை இழந்திருக்கும். எனவே 140ஐ ஒட்டிய கதிர்களை மட்டும் ஏற்று, குறைந்த ஆற்றலோடு வருபவற்றைத் தள்ளிவிடுமாறு கருவியை அமைக்கிறார்கள். காலையில் கறந்த ‘பாலில்’ தாய்ப்பொருளான மாலிப்டினம் கலந்திருக்கிறதா என்பதையும் கதிரே காட்டிக் கொடுக்கும். மாலிப்டினத்தின் கதிர் 740 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அளவில் வருகிறது. டெக்னீஷியத்தின் கதிரை மறைக்கும் அளவிற்குத் தடித்த ஈயக் கலத்தில் மருந்தை வைத்து அளந்தால், வெளியே கசிவது மாலிப்டினத்தின் குரல் மட்டுமே. வரம்பிற்கு மேல் கேட்டால் அம்மருந்து நோயாளிக்குச் செலுத்தப்படுவதில்லை.

ஆய்வுக்கூடங்களில் இதனினும் கூர்மையான செவி தேவை. அங்கே ஓர் அணுக்கருவை மற்றொன்றோடு மோத விட்டு, வெறிகொண்டு சுழலும் புது அணுக்கருவை உண்டாக்குகிறார்கள். அது அடங்குவதற்குள் பல கதிர்களை அடுத்தடுத்து வீசும். திரவ நைட்ரஜனால் குளிரூட்டிய ஜெர்மானியம் படிகங்கள், இரண்டொரு கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வேறுபாட்டையும் பிரித்துக் காட்டும். எந்தெந்தக் கதிர்கள் ஒரே நேரத்தில் வருகின்றன என்பதைக் குறித்து வைத்துப் படிக்கட்டு முழுவதையும் வரைந்துவிடுகிறார்கள். 1986இல் இங்கிலாந்தின் டேர்ஸ்பரி ஆய்வுக்கூடத்தில் பீட்டர் ட்வின் குழுவினர் இவ்வாறு டிஸ்ப்ரோசியம் 152 அணுக்கருவிலிருந்து 19 கதிர்களைக் கண்டனர். ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 47 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் என்ற ஒரே சீரான இடைவெளி! அதிலிருந்து அந்த அணுக்கரு உருண்டையாக இல்லாமல், அகலத்தைப் போல் இரு மடங்கு நீளத்துடன், பேரீச்சம்பழம் போல் நீண்டு சுழல்வதை அறிந்தனர். எவரும் கண்ணால் காண இயலாத ஒன்றின் வடிவத்தை அதன் குரலைக் கொண்டே கூறிவிட்டனர். நம் நாட்டிலும் மும்பை, கொல்கத்தா, டெல்லி ஆகிய மூன்று நகரங்களின் முடுக்கி நிலையங்கள் இணைந்து, ‘இந்திய தேசியக் காமா அணி’ என்ற ஜெர்மானியக் கருவித் தொகுதியை மாறி மாறிப் பயன்படுத்தி இவ்வாய்வைச் செய்து வருகின்றன.

அஞ்ச வேண்டுமா?

இப்போது அந்த வீட்டாரின் கேள்விக்கு வருவோம். எலும்பு ஸ்கேனுக்கு வழக்கமாகச் செலுத்தும் அளவில், தொடக்கத்தில் வினாடிக்குச் சுமார் 74 கோடி அணுக்கருக்கள் இறங்குகின்றன. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் அத்தனை டெக்னீஷியம் 99 எம் அணுக்களின் மொத்த எடை, ஒரு கிராமின் 25 கோடியில் ஒரு பங்கே. ஒரு நாள் கழிந்தால் அவற்றுள் பதினாறில் ஒரு பங்குதான் மேல்படியில் நிற்கும். அதிலும் பெரும்பகுதி சிறுநீரோடு முன்னரே வெளியேறியிருக்கும்.

இறங்கி முடித்த பின் எஞ்சுவது சாதாரண டெக்னீஷியம் 99. அதுவும் கதிரியக்கம் உள்ளதே. ஆயினும் அதன் அரை ஆயுள் 2 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல். இவ்வளவு மெல்லச் சிதைவதால், செலுத்திய அணுக்கள் அனைத்தும் உடலிலேயே தங்கினாலும் வினாடிக்கு இரண்டு மூன்றே சிதையும். நம் உடலிலுள்ள பொட்டாசியம் வினாடிக்கு 4,000 என்று முன்னர்க் கூறியதை ஒப்பிட்டுக் கொள்க.

மொத்தத்தில் இச்சோதனையால் உடல் ஏற்கும் கதிர்வீச்சு சுமார் 4 மில்லி சீவர்ட். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக ஒரு மனிதர் ஆண்டுதோறும் ஏற்பது உலகச் சராசரியில் 2.4 மில்லி சீவர்ட். ஆகவே இது ஒன்றரை, இரண்டு ஆண்டுகளின் இயற்கைக் கதிர்வீச்சிற்கு ஈடானது. அறவே இல்லை என்று கூறி அலட்சியம் செய்யத் தக்கதும் அன்று. கொடிது என்று அஞ்சி ஓடத் தக்கதும் அன்று. தேவையின்றிச் செய்து கொள்ளலாகாது, தேவையெனில் தயங்கலாகாது.

சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்க வேண்டும். கருவுற்றிருப்பவர்களும், அவ்வாறு ஐயமுள்ளவர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் கூறிவிட வேண்டும். இதில் கூச்சம் கூடாது. பாலூட்டும் தாய்மார்கள், எத்தனை மணி நேரம் பாலூட்டலை நிறுத்தி வைக்க வேண்டும் என்று கேட்டறிய வேண்டும். அது செலுத்தும் மருந்தைப் பொறுத்தது. எலும்பு ஸ்கேனில் ஊசி போட்ட பின் மருந்து எலும்பில் படிய இரண்டு முதல் நான்கு மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். அவ்வேளையில் மருத்துவர் தடுக்காவிட்டால் நிறையத் தண்ணீர் அருந்திச் சிறுநீர் கழிப்பது நன்று.

பேரக்குழந்தை? அன்றைய பொழுது மட்டும் சிறு குழந்தையை நெடுநேரம் மடியில் வைத்துக் கொள்ளாமல் இருப்பது நலம்; எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவமனையிலேயே கேட்டு வரலாம். மறுநாள் பாட்டியின் மடி மீண்டும் பேரனுக்கே.

ஒரு பாடம்

2009ஆம் ஆண்டு மே மாதம், உலகிற்கு மாலிப்டினம் வழங்கி வந்த கனடாவின் சாக் ரிவர் அணு உலை பழுதுபட்டு நின்றது. 2010 ஆகஸ்டு வரை அது இயங்கவில்லை. இடையில் நெதர்லாந்தின் பெட்டன் உலையும் பல மாதங்கள் நின்றது. மாலிப்டினத்தைச் சேமித்து வைக்க இயலாது. ஒரு வாரத்தில் ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பல நாடுகளின் மருத்துவமனைகளில் சோதனைகள் தள்ளிப் போயின. நோய் பரவியுள்ளதா என்றறிய வந்தவர்கள் விடையின்றிக் காத்திருந்தனர். ஊசி போடுவார்களே என்று ஒரு வீட்டில் அஞ்சினோம். ஊசி கிடைக்கவில்லையே என்று பல வீடுகள் கலங்கிய காலமும் இருந்தது.

சிறை முகாமில் பாடம் படித்த இளைஞர், பதவி பறிக்கப்பட்ட பேராசிரியர், ஊதியமின்றி உழைத்த தாய், சந்தையில்லை என்ற சொல்லைக் கேட்டும் ஓயாத ஆய்வாளர் – இவர்கள் அனைவரும் ஓர் அணுக்கரு ஏன், எப்படிப் படியிறங்குகிறது என்றுதான் தேடினார்கள். அத்தேட்டத்தின் பயன் இன்று ஒரு தாயின் முதுகு வலிக்கு விடை சொல்கிறது.

ஆகவே, ‘அணு மருத்துவம்’ என்ற சொல் தாங்கிய சீட்டு உங்கள் இல்லத்திற்கு வருமானால், அதைக் கண்டு முகம் வாட வேண்டாம். மருத்துவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்: எதற்காக இச்சோதனை? எந்த மருந்து? எத்தனை நேரம் உடலில் நிற்கும்? வீட்டில் என்ன கவனம் வேண்டும்? விடை கிடைத்ததும் உம்மாவின் கையைப் பற்றி அழைத்துச் செல்லுங்கள். அவருக்காக ஓர் அணுக்கரு ஆறு மணி நேரம் காத்திருக்கும். அதற்கு மேல் காத்திருக்காது. நாமும் நாளைக் கடத்த வேண்டாம்.